லைன்ல யாரு?

ஆபீஸ் போன் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வேலைக்குப் போகிற ஆள் உலகத்தில் மணியக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். போன் நன்றாக இருந்தால் அவள் காது கெட்டுவிட்டது என்று அர்த்தம். காது போன பிறகு அந்த நாற்காலியில் அவளுக்கு என்ன வேலை?

அது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. வெளியிலிருந்து வரும் போனை எல்லாம் அவள்தான் முதலில் எடுப்பாள். லிஃப்ட் பழுதென்றால் விலாசத்தைக் குறித்துக்கொள்வாள். வேறு யாருக்காவது அழைப்பென்றால் அவர் மேஜைக்கு ஒரு மணி அடிப்பாள், அவர் எடுத்ததும் தன் ரிசீவரை வைத்துவிடுவாள். மணி அடித்து அடித்தே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

கொஞ்ச நாளாகப் போனில் பேசுகிறவர்கள் எல்லாரும் கிணற்றுக்குள் இறங்கி நின்று பேசுகிறார்கள். அதிலும் கூத்தைப் பாருங்கள், 'ஹலோ' மட்டும் கணீரென்று கேட்கும். அப்பாடா என்று பேனாவை எடுப்பதற்குள் குரல் தேய்ந்து தேய்ந்து ஈனசுரத்துக்குப் போய்விடும். காது கெட்டால் மொத்தமாகக் கெட வேண்டியதுதானே, இது என்ன ஹலோவுக்கு ஒரு காது, மற்றதற்கு ஒரு காது?

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் வாய்க்குள்ள முனகினாக்கூட 'என்ன சொன்னீங்க'ன்னு சண்டைக்கு வர்ற. உனக்கா காது கேக்கல?"

அது வாஸ்தவம்தான். பக்கத்து வீட்டுக் கடிகாரம் துடிப்பதுகூட அவளுக்குக் கேட்கிறது. வீட்டில் கேட்கிற காது ஆபீசில் மட்டும் ஏன் படுத்துகிறது? யோசித்து யோசித்துத் தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

போன வாரம் ஒரு பெண் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு போன் பண்ணினாள். மணியக்கா விலாசத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க, அந்தப் பெண் அழுதேவிட்டாள். நல்லவேளை, ஸ்டோர் கீப்பர் எங்கிருந்தோ ஓடிவந்து, ஆள் அனுப்பியாச்சு, கவலைப்படாதீங்க என்றார். அவருக்கு எப்படி விலாசம் தெரிந்தது என்று கேட்கக்கூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தன்னால் ஒரு உயிர் இருட்டுப் பெட்டிக்குள் கிடந்து தவித்திருக்குமே! அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். மேனேஜரிடம் சொல்லி போன் மெக்கானிக்கை வரவழைப்பது. போனில் பழுதில்லை என்று அவர் சொல்லிவிட்டால், யாரும் சொல்வதற்கு முன்னால் தானே எழுந்து போய்விடுவது.

மெக்கானிக் வந்த நேரம் எல்லாரும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தன் செல்போனிலிருந்து கூப்பிட்டு ஒரு மூலையில் நின்று பேசினார். மணியக்காவுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"போன் ஜோரா இருக்கேக்கா" என்றார்.

மணியக்கா திருதிருவென்று விழித்தாள். போனும் நன்றாக இருக்கிறது, காதும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் கெட்டது எது, தன் புத்தியா?

சாப்பாடு முடிந்து எல்லாரும் அவரவர் மேஜைக்குப் போனார்கள். மணியக்காவின் இடம் வாசல் பக்கம், நடுவில் ஆளுயரப் பலகைத் தடுப்பு. மெக்கானிக் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஹலோ கணீர். அடுத்த வார்த்தையிலேயே குரல் கிணற்றில் இறங்கிவிட்டது. அவள் அப்படியே ரிசீவரை அவர் காதில் வைத்தாள்.

அவர் முகம் சுருங்கியது. "என்னக்கா இது, ஒண்ணுமே கேக்கல?"

"உங்களுக்கும் கேக்கலையா தம்பி?"

"கேக்கலைக்கா."

"சத்தியமா?"

அந்த மனுஷன் அதற்குள் பயந்துபோனார். கேட்கவில்லை என்று சொன்னதற்கு ஒருத்தி கண்ணில் தண்ணீரோடு சிரித்தால் யார்தான் பயப்படமாட்டார்கள்? அவர் சுவரில் இருந்த ஒயரைப் பார்த்தார், மேலே பார்த்தார், தலையைச் சொறிந்தார். இது அரதப் பழசான சிஸ்டம், எல்லாப் போனும் ஒரே ஒயரில் தொங்குகிறது, ஒருவர் பேசும்போது இன்னொருவர் எடுத்தால் சத்தம் குறையும்தான், ஆனால் இவ்வளவா குறையும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பிறகு, நீங்கள் பேச்சை விடாதீர்கள் என்று சைகை காட்டிவிட்டுத் தடுப்பைத் தாண்டிப் போனார்.

மணியக்கா பேசிக்கொண்டே இருந்தாள். எந்த மாடி, எத்தனை பேர் உள்ளே என்று கேட்டதையே கேட்டாள். திடீரென்று குரல் ஒரு படி ஏறியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு படி. அப்புறம் கடகடவென்று ஏறி, அந்த ஆள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல் ஆகிவிட்டது. விலாசத்தை எழுதி, ஆள் வருகிறார் என்று சொல்லி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கணக்கர், ஸ்டோர் கீப்பர், டைப்பிஸ்ட், எல்லாரும் அவரவர் போனுக்குப் பக்கத்தில் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேனா. ஒவ்வொரு மேஜையிலும் அதே லிஃப்டின் விலாசம். மெக்கானிக் நடுவில் நின்று, "எல்லாரும் காதுல வச்சுக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காங்கக்கா" என்றார்.

கணக்கர்தான் மென்று விழுங்கினார். முன்பு அவளுக்குக் கடும் சளி பிடித்து, காது அடைத்துக்கொண்டபோது, பாவம் என்று அவர் ரகசியமாக ரிசீவரை எடுத்து விலாசம் குறித்துவைக்க ஆரம்பித்திருக்கிறார். ஸ்டோர் கீப்பர் தனியாக. டைப்பிஸ்ட் தனியாக. மேஜைக்கு மேஜை ஃபைல் குவியல் மறைத்ததில் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. ஆள் கூடக்கூடச் சத்தம் குறைந்தது. சத்தம் குறையக்குறைய அவள் இன்னும் திணறினாள். அவள் திணறுவதைப் பார்த்து இன்னும் ஒருவர் ரிசீவரை எடுத்தார்.

"உங்க காது போயிடுச்சுன்னே நெனச்சுட்டோம்கா. மேனேஜருக்குத் தெரிஞ்சா உங்களை அனுப்பிடுவாரேன்னு..."

மணியக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் தூக்கம் போச்சே, பாவிகளா. என் காதைக் கெடுத்ததே நீங்கள்தானே. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இனி ஒரு பயல் போனைத் தொடக் கூடாது என்று விரலை ஆட்டிவிட்டு ஓடிவந்து எடுத்தாள்.

ஹலோ கணீரென்று கேட்டது. அடுத்த வார்த்தையில் குரல் லேசாக இறங்கியது.

அவள் தடுப்புக்கு மேலாக எக்கிப் பார்த்தாள். எல்லாரும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்கள். மெக்கானிக்கும் காட்டினார். யாரும் எடுக்கவில்லை. மணியக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம்தான் அவள் பார்வை உள்ளே கோடியில் சாத்தியிருந்த கதவுக்குப் போனது. எந்த அறைக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை பேரும் பயந்தார்களோ, அந்த அறை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று எதிர்முனையில் இருந்தவரிடம் சொன்னாள். பிறகு அதே ரிசீவரில், மெதுவாக, "சார், நீங்களும் வச்சுடுங்க" என்றாள்.

லைனிலேயே ஒரு கனைப்பு கேட்டது.

"இல்லம்மா... ஒருவேளை உனக்கு விலாசம் சரியா கேக்கலைன்னா, நான் குறிச்சு வச்சுக்கலாம்னு..."

ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு எதிர்முனைக் குரல் முழுசாக வந்து விழுந்தது.

"ஹலோ, கேக்குதாம்மா? கேக்குதா?"

மணியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேக்குதுங்க" என்றாள். "நல்லா கேக்குது. சொல்லுங்க."