முதலில் விழிப்பது யார்?

1
இந்தக் கதையை எழுத என்னை உட்கார வைத்தது எங்கள் வீட்டு நாய்தான். இருட்டு பிரியும் முன்பே போர்வையை இழுத்து என்னை எழுப்பிவிட்டது. எழுந்ததுதான் எழுந்தோம், எழுதுவோமே என்று ஆரம்பித்தேன்.

'பொழுது புலர்ந்தது. அவள் மெல்லக் கண் விழித்...'

(வேண்டாம். முதலில் விழிப்பது அவள் அல்ல.)

2
அவள் தையற்காரி. கல்யாணமாகி வந்தபோது குண்டன் என்ற நாயையும் கூடவே கூட்டி வந்தாள். கணவன் பஸ் ஓட்டுகிறவன். பல வருடமாக ஓட்டிய விடிகாலை வண்டியை அவளுக்காக விட்டு, மதிய வண்டிக்கு மாறியிருந்தான். ஆனால் விடிவதற்குள் குண்டன் குரைத்துவிடுவான்.

"தூக்கமில்லாம எப்படி வண்டி ஓட்டுறது? பேசாம இவனை உங்க அண்ணன் வீட்ல விட்டுடலாம்."

"ஏங்க, அவன் என் பிள்ளைங்க!"

"பிள்ளைன்னா அப்பனைத் தூங்க விடணும்ல?"

அவள் ஒரு வாரம் தவணை கேட்டாள்.

(அவனைக் கொஞ்சம் கெட்டவனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. திட்டிக்கொண்டே நாயின் காதைச் சொறிந்துவிடுகிறவனை என்ன செய்வது?)

3
ஜன்னலுக்குக் கனத்த திரை தைத்தாள். மாலையில் குண்டனை நெடுந்தூரம் நடக்க வைத்தாள். இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டாள். குரைத்தால் பிஸ்கட் கொடுத்து வாயடைப்பதையும் நிறுத்தினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

தவணை முடிய ஒரு நாள் இருக்கையில், தூங்குவது போல் படுத்துக் கவனித்தாள்.

குண்டன் கதவோரம் சுருண்டு கிடந்தான். முதலில் அசைந்தது கணவன்தான். தூக்கத்திலேயே அவன் வலது கால் நீண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தது. கட்டில் கிறீச்சிட்டது. உடனே குண்டனின் காது நிமிர்ந்தது. 'ஐயா கிளம்பிவிட்டார்' என்று ஓடிவந்து குரைத்தான்.

"பாத்தியா, எழுப்பிட்டான்!" என்றான் கணவன்.

அவள் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள்.

4
முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள். அவன் நம்பாமல்...

முடிவு இரண்டு: குண்டனை அண்ணன் வீட்டில் கொண்டுபோய்... (கை வரவில்லை.)

மூன்றாவது, பாதி மட்டும் இருக்கிறது. மறுநாள் விடிகாலை, அவன் கால் அசையும் நேரம் பார்த்து, அதன்மேல் தன் காலைப் போட்டு அழுத்திக்கொள்கிறாள்.

"என்னம்மா?" என்கிறான், கண் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல. வண்டி லேட்டாம். தூங்குங்க."

கட்டில் சத்தம் போடவில்லை. குண்டன் ஒரு காதை மட்டும் தூக்குகிறான்.

அப்புறம்? நீங்களே சொல்லி முடியுங்கள். என் வீட்டு நாய் வாசலில் நின்று கூப்பிடுகிறது. குரலை மட்டும் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஒருவன் விழித்தால் மற்றவனும் விழித்துவிடுவான்.