பிரெஞ்சிலை சொல்லுங்கோ

"அந்த இடத்திலை அரசாங்கம் குண்டுபோடப் பழக்கிற ஒரு பல்லிக்கூடம் கட்டினது" என்று றொஷானி ஒலிவாங்கியில் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு பக்கத்துக் கதிரைக்குப் போய், அங்கிருந்து சுவரோரம் கைபேசி பார்த்துக்கொண்டிருந்த பெடியன்கள்வரை பரவியது. அவர்களில் ஒருவன் சுவரில் ஏறும் பல்லியைப்போல விரல்களை ஆட்டிக் காட்டினான். ஐந்தாவது வரிசையில் இருந்த அற்புதராணி மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். மகளுக்கு ளகரம் வராது என்று அவளுக்குத் தெரியும். அதற்காக ஒரு மாதமாகக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, நாக்கை மேலே மடித்துக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். வீட்டில் பத்துக்கு ஏழு தரம் சரியாக வந்தது.

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் தமிழ்ச் சங்கம் நடத்தும் மொழிவிழா அது. றொஷானியைப் பேசக் கூப்பிட்டவர் சங்கத் தலைவர் இராஜதுரை. மளிகைக்கடை வைத்திருப்பவர். வரலாற்றில் முதுகலை முடித்த எங்கடை பிள்ளை என்று விளம்பரத்தில் அவளுடைய படத்தையும் போட்டார். தமிழின் தொன்மை பற்றிப் பேசச் சொன்னார். தான் படித்ததைத்தான் பேசுவேன் என்றாள் றொஷானி. அவள் படித்தது வேல்ஸ் நாட்டை, அதிலும் 1936 என்ற ஒரேயொரு ஆண்டை. அந்த ஆய்வுக்காக அங்கே போய்த் தங்கி, அந்த மொழியையும் கொஞ்சம் பழகிவிட்டு வந்திருந்தாள். எங்கடை சனத்தைப் பற்றி எழுத உனக்கு ஒன்றுமில்லையா என்று அற்புதராணி ஒருநாள் கேட்டதற்கு, "எங்கடையை எழுதினா எனக்குக் கோவம்தான் வரும் அம்மா. கோவத்திலை எழுதினா பல்கலைக்கழகத்திலை நம்பமாட்டாங்கள்" என்றாள். அரசாங்கக் கட்டடத்துக்குத் தீ வைத்த கதை அதில் வருவதால் இராஜதுரை தயங்கினார். மண்டபம் நகரசபையினுடையது, வீண் பிரச்சினை வரும் என்றார். பிறகு, படத்தோடு விளம்பரம் போய்விட்டதால், சரி என்றார்.

சிரிப்பு அடங்க றொஷானி தொடர்ந்தாள். அந்த ஆண்டு கோடையில் வழக்கம்போல வேல்ஸ்காரர் தங்கள் கவிதைப் பெருவிழாவை நடத்தினார்கள். அதே நேரம், புலவர்களோடு தொடர்புள்ள ஒரு பழைய பண்ணைவீட்டை இடித்த இடத்தில் விமானப்படையின் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொட்டில்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இலட்சக்கணக்கானோர் எதிர்த்தார்கள். லண்டனில் பிரதமர் அவர்களின் தூதுக்குழுவைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். செப்டம்பரில் மூன்று பேர் அந்தக் கொட்டில்களுக்குத் தீ வைத்தார்கள். ஒருவர் விரிவுரையாளர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் பாதிரியார். வைத்துவிட்டு ஓடவில்லை. நேரே பொலிசுக்குப் போய், நாங்கள்தான் செய்தோம் என்றார்கள். சொந்த ஊர் ஜூரிமார் ஒருமனப்படவில்லை. அதனால் வழக்கை லண்டனுக்கு மாற்றினார்கள்.

இந்த இடத்தில் றொஷானியின் குரல் மாறியது. அற்புதராணி அதைக் கவனித்தாள். மகள் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். லண்டன் நீதிமன்றத்தில் அவர்களை இங்கிலிசில் பேசச் சொன்னார்கள், உங்களுக்குத்தான் நல்ல இங்கிலிஸ் தெரியுமே என்றார்கள் என்று சொல்ல வந்தவளுக்குச் சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தன. வினை ஒன்று முடியாமல் நின்றது. மறுபடி தொடங்கினாள். மறுபடியும் சிரிப்பு.

இராஜதுரை எழும்பித் தன் ஒலிவாங்கியை எடுத்தார். முகத்தில் கெட்டது ஒன்றுமில்லை. பாவம் பார்க்கிற முகம்.

"பிள்ளை, கஷ்டப்படாதேங்கோ. பிரெஞ்சிலை சொல்லுங்கோ. எல்லாருக்கும் விளங்கும்."

சிலர் கைதட்டினார்கள். றொஷானி அவரைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடித்தபடி அப்படியே நின்றாள். கைதட்டல் ஓய்ந்தது. கதிரைகள் அசையும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை ஏதோ கேட்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். பெடியன்கள் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தினார்கள். இராஜதுரை "சொல்லுங்கோ" என்று இன்னொருதரம் மெல்லச் சொன்னார். அவள் அசையவில்லை.

அற்புதராணியால் தாங்க முடியவில்லை. இந்தப் பிள்ளையை ஏழு வயதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் ஓல்னேயிலிருந்து ரயிலேற்றித் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்தவள் அவள். வகுப்பு முடியும்வரை குளிரில் தெருவில் நின்றவள். அப்போதும் இந்த ஆட்கள் "வெள்ளைக்காரி வாறா" என்றுதான் சிரித்தார்கள். எழும்பினாள். கைப்பை விழுந்தது.

"அண்ணை, உங்கடை மூண்டு பிள்ளையளும் எங்கை? ஒண்டாவது இதுக்குள்ளை இருக்கா? தமிழிலை ஒரு வசனம் சொல்லுமா அதுகள்? கதைக்க வந்த ஒரு பிள்ளையையும் வாயை மூடப்பண்ணிப்போட்டு ஆருக்கு அண்ணை விழா எடுக்கிறியள்?"

அதற்குப் பிறகு என்னென்ன சொன்னாள் என்பது அவளுக்கு முழுதாக நினைவில்லை. யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். யாரோ அவள் சொல்வது சரி என்றார்கள். இராஜதுரை, நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபம் முழுக்க அவளைத்தான் பார்த்தது. மேடையை அவள் பார்த்தபோது ஒலிவாங்கி மேசையில் கிடந்தது. றொஷானி இல்லை.

மகளைத் தெருவில்தான் பிடித்தாள். ஞாயிறு பின்னேரச் சனத்துக்குள், மரக்கறிப் பெட்டிகளை விலக்கிக்கொண்டு றொஷானி வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். நல்லாய்க் குடுத்தன் அவருக்கு என்று மூச்சிரைக்கச் சொன்னாள் அற்புதராணி. மகள் நின்றாள். திரும்பினாள். அவளுடைய கண் அப்படிச் சிவந்து அற்புதராணி கண்டதில்லை.

"ஆர் உங்களை எழும்பச் சொன்னது?"

"அவங்கள் உன்னைப் பாத்துச் சிரிக்க நான் பாத்துக்கொண்டு இருக்கிறதே?"

"ஓம். இருந்திருக்கோணும். அந்த மூண்டு பேரும் லண்டனிலை இங்கிலிஸ் கதைக்க மாட்டம் எண்டு நிண்டவை. நானும் அப்பிடித்தான் நிண்டனான். எல்லாரும் பாத்தவை. அந்தப் பெடியங்கள்கூடப் பாத்தவங்கள். நீங்கள் எழும்பிக் கத்தினீங்கள். இப்ப எல்லாரும் உங்களைத்தான் கதைப்பினம்."

உனக்காகத்தானே என்று சொல்ல அற்புதராணி வாயெடுத்தாள். இராஜதுரையும் சற்று முன், நல்லதுக்குத்தானே என்றார். சொல்லாமல் விட்டாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது அதை யார்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"பிறகு என்ன நடந்தது அவையளுக்கு?" என்று கேட்டாள். அவளுடைய குரலும் சண்டைக் குரலாகவே வந்தது.

றொஷானி அவளை முறைத்தாள். பிறகு நடந்தாள். நடந்தபடியே சொன்னாள். ஒன்பது மாதம் மறியல், சிறைக்குள். விரிவுரையாளரின் வேலையைப் பறித்தார்கள். தமிழில்தான் சொன்னாள். தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தத்தில், கைகளை வீசி, வரிக்கு வரி தடுக்கி, தடுக்கிய இடத்தில் அடித்து எழும்பி. மெத்ரோப் பாலத்தின் கீழ் அவர்கள் வந்தபோது மேலே ரயில் வந்தது. இரும்பு அதிர்ந்தது, ஒன்றும் கேட்கவில்லை. றொஷானி ரயில் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. அவளுடைய வாய் அசைந்துகொண்டேயிருந்தது. அற்புதராணி அவளுக்கு முன்னால் போய், பின்பக்கமாக நடந்தபடி, அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.