பதினொரு மணி வகுப்பு

கணவருக்குப் போட்டுவிட நல்ல சட்டையாக ஒன்றைத் தேடி வயலின் டீச்சர் அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நான்கு மணிக்கு வண்டி வரும். இன்னொரு அனுதாபச் செய்தியாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தாள். அவளிடம் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் அனுப்பியிருந்தார்.

“டீச்சர், நேத்து கிளாஸ் ரெக்கார்டிங்கை நான் அழிச்சுட்டேன். தயவுசெஞ்சு நீங்களும் கேக்காதீங்க.”

சட்டையும் கையுமாகக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

நேற்றுப் பதினொரு மணிக்கு வீடியோவில் தொடங்கிய வகுப்பு பன்னிரண்டுக்குத்தான் முடிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, சாப்பிடலாமா என்று கேட்டபடி இந்த அறைக்கு வந்தால், மனிதர் கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவே தரையில் கிடந்தார். வந்து பார்த்த மருத்துவர், உயிர் போய் அரை மணி நேரமாவது இருக்கும் என்றார். அந்த அரை மணி நேரம் நேற்றிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை.

கூடத்தில் மூத்தாரின் குரல் கேட்டது. கணவரின் அண்ணன். துக்க வீட்டிலும் பேசாமல் இருக்க மாட்டார்.

“கிளாஸ் நேரத்துல இந்த வீட்ல தும்மக்கூட முடியாது. செத்தாலும் சத்தமில்லாமத்தான் சாகணும்னு சொல்லிச் சிரிப்பான். சொன்ன மாதிரியே பண்ணிட்டான் பாருங்க.”

இரண்டு பேர் சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். மூத்தார் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? அந்தச் சட்டம் அவள் போட்டது. வகுப்பு நடக்கும்போது மிக்ஸி ஓடக் கூடாது, டிவி கூடாது. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மோட்டார்களின் இரைச்சலில் வேலை பார்த்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு சொந்த வீட்டில் பூனை மாதிரி நடக்கப் பழகிக்கொண்டார்.

மகள் கதவருகே வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அப்பா உன்னைக் கூப்பிடவே இல்லையாம்மா? பக்கத்து ரூம்லதானே இருந்த?”

“ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்டி. ஒண்ணும் கேக்கல.”

மருத்துவரிடமும் மூத்தாரிடமும் இதையேதான் சொன்னாள். பொய்யில்லை. மகள் அம்மாவின் கையிலிருந்த சட்டையை வாங்கிக்கொண்டு இஸ்திரி போடப் போனாள்.

ஆனால் அவளுக்குக் கேட்காதது கணினிக்குக் கேட்டிருக்கும். இந்த வீடியோ வகுப்பில் ஒரு தொல்லை உண்டு. வயலினை நீளமாக இழுத்தால், ஏதோ மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துக் கணினி அதை விழுங்கிவிடும். அதனால் எந்தச் சத்தத்தையும் வடிகட்டாதபடி அவள் மாற்றி வைத்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் பதிவு இருவருக்கும் போய்விடும். மாணவர்கள் அதைக் கேட்டுத்தான் பயிற்சி செய்வார்கள். பல் டாக்டரும் நேற்று ராத்திரி அதற்குத்தான் போட்டிருப்பார்.

வகுப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். டாக்டர் அழித்துவிட்டார், நாமும் அழித்துவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு மனம் சொன்னது. அழித்துவிட்டால் சாகிற வரைக்கும் அது காதில் ஓடிக்கொண்டே இருக்குமே என்று இன்னொரு மனம் பயந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பதிவைப் பாதியிலிருந்து ஓட விட்டாள்.

டாக்டர் பல்லைப் பிடுங்குகிற மாதிரி வில்லை இழுத்துக்கொண்டிருந்தார். “கையை அழுத்தாதீங்க” என்று இவள் சொன்னாள். முப்பத்தோராவது நிமிடத்தில், வயலின் சத்தத்துக்கு அடியில், கணவரின் குரல் வந்தது.

“ஏம்மா, கொஞ்சம் வாயேன்.”

கத்தவில்லை. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்கிற அதே குரல். கூப்பிட்டிருக்கிறார். இதற்குத்தானே நேற்றிலிருந்து பயந்தாள். அவள் நினைத்தே பார்க்காத ஒன்று அடுத்து வந்தது. அவளுடைய குரல்.

“வரேங்க, அஞ்சு நிமிஷம்.”

நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். தெளிவாக, பிரியமாகத்தான் சொல்லியிருந்தாள். எப்படியோ காதில் விழுந்திருக்கிறது, வாய் பதிலும் சொல்லியிருக்கிறது. சொன்ன ஞாபகம் மட்டும் துளிகூட இல்லை. மண்டையைக் குடைந்து பார்த்தாள். டாக்டரின் மணிக்கட்டு ஞாபகம் இருந்தது, அவர் பின்னால் தொங்கிய காலண்டர்கூட ஞாபகம் இருந்தது. முப்பது வருடத்தில் இன்னும் எத்தனை தடவை இப்படிச் சொல்லியிருப்பாளோ. தன்னைப் பார்த்தே அவளுக்குப் பயமாக இருந்தது.

பதிவு மேலே ஓடியது. இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. அவர் மறுபடி கூப்பிடவில்லை.

“அம்மா.”

காதை மூடியிருந்தும் கேட்டது. மகள் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவள் துள்ளி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஹெட்ஃபோனின் வயர் கணினியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்துகொண்டு மகள் நின்றாள். கூடத்தில் பேச்சு நின்றுபோயிற்று. கணினியிலிருந்து டீச்சரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

“அவசரமே இல்ல டாக்டர். நிதானமா, முதல்லேர்ந்து வாசிங்க.”

பல் டாக்டர் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.