பட்டியலிலிருந்து நான் எடுத்த வீடு

1

செய்ய வேண்டிய ஒரு காரியத்தைத் தள்ளிப்போடத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டாதீர்கள். தவமணி அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. நான் இன்னும் பேனாவும் கையுமாக இருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'எங்கள் சிலிபின் பகுதியில் அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு—'

(மழையே இல்லை. கதையில் சாவு வந்தால் மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.)

இரண்டாம் தொடக்கம்: எங்கள் சபையில் கீத பவனிக்கு வீட்டுப் பட்டியல் போடுவது நான். டிசம்பரில் நாலு சாயங்காலம் வேனில் கித்தாரோடு வீடு வீடாகப் போய்ப் பாடி, ஜெபம் பண்ணி, கொடுத்ததைச் சாப்பிட்டு வருவோம். சபையில் பாதிப் பேர் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அங்கிருந்தே ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பவனியும் அந்த வாசலில் நிற்காது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை.

அதனால் தவமணி அக்கா பெயரை எடுத்துவிட்டேன். ஆகஸ்டில் ஜெலாப்பாங் சாலையில் அவருடைய ஒரே மகன் தனேஷ், மோட்டார்சைக்கிளில் போகும்போது ஒரு லாரி...

(இதை முடிக்க மனசு வரவில்லை. புரிந்திருக்கும்.)

3

தனேஷைப் பற்றி எழுதினால் தங்கமான பையன் என்று வந்துவிடுகிறது. இறந்தவர்களை எழுதும்போது கை தானாக வெள்ளையடிக்கிறது. உண்மையில் அவன் ஒத்திகைக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. கேட்டால், "சாரி லா அண்ணே, ஜாம்" என்பான். வீடு சபைக்கு இரண்டு தெரு தள்ளி. என்னடா ஜாம்?

ஆனால் ஒன்பது வருடம் பவனியில் கித்தார் வாசித்தது அவன்தான். இந்த வருடம் அவன் இல்லாமல் முதல் பாட்டு எடுத்தபோது எனக்கு அழுகை முட்டியது.

4

கிறிஸ்துமஸ் காலை, ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"சுகுமாரா, எங்க வீட்டுக்கு ஏன் வரல?"

"இல்லக்கா... துக்க வீடு... அதான்..."

"லிஸ்ட்ல எம் பேரு இல்ல. போட மறந்துட்டே, எப்படியும் வந்துருவீங்கன்னு நெனச்சேன். முப்பது பேரு சாப்பிட மீஹூன் பெரட்டி வச்சிருந்தேன். பக்கத்துத் தெருவுல நீங்க பாடுறது கேட்டுச்சு. ரோட்டுல வந்து நின்னேன். வேன் திரும்பிப் போயிருச்சு."

அக்கா அதோடு விடவில்லை.

"எம்மவன் வாசிச்ச பாட்டு. எம் வீட்டுல ஒரு தடவ கேக்கணும்னு இருந்துச்சுடா. வேணாம்னு நான் சொன்னேனா? நீயா முடிவு பண்ணிட்டியா?"

புது வருட ஆராதனைக்கு வருவீர்களா என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. "நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. நாற்பது வருடமாகச் சபையை விடாதவர். என்னால்தான்.

5

முடிவு அ: போகிறேன். அக்கா அழுகிறார். "விடுடா, நீ வேணும்னா செஞ்ச?" என்கிறார்.

முடிவு ஆ: ஜனவரி முதல் தேதி காலை, ஆராதனையில் பாட்டுத் தொடங்கும்போது கடைசி வரிசையில் வந்து—

முடிவு இ: அவர் கதவைத் திறக்கவே இல்லை.

(அ-வை எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது. அக்கா என்னை மன்னிப்பதை நானே எழுதி, நானே ஆறுதல்பட்டுக்கொண்டேன்.)

6

எழுதியது போதும் என்று பாட்டுக் குழுவுக்குப் போன் போட்டேன். ஆறு பேர் வரச் சம்மதித்தார்கள், வேன் பேசியாகிவிட்டது, இன்று நாலு மணிக்கு அக்கா வீட்டில் பாடுகிறோம் என்று குழுவில் பாடும் குமுதாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அக்காகிட்ட கேட்டீங்களா அண்ணே?" என்றாள்.

அடப்பாவி சுகுமாரா.

வேன் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா நம்பரை அழுத்தினேன். போன் நாலு தடவை அடித்ததும் எடுத்தார்.

"அக்கா, சுகுமாரன். தப்புப் பண்ணிட்டேன்க்கா. உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன். நாங்க வந்து பாடட்டுமா, வேணாமா?"

அவர் என்ன சொன்னார் என்பதை எழுதமாட்டேன். அது அவர் வீட்டுப் பதில். வாசகரே, நீங்களும் அவசரப்பட்டு அவருக்காகப் பதில் சொல்லிவிடாதீர்கள்.