பதினெட்டு என்று எழுதியிருந்த பக்கம்

பெனிட்டா,

மூன்று நாளாக நீ கூப்பிடுகிறாய், நான் எடுக்கவில்லை. பேசினால் தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் அம்மாவுக்குக் கேட்கும். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தட்டுகிறேன். மணி ஒன்றே கால். படித்ததும் அழித்துவிடு. ஹாஸ்டலில் யாருக்கும் காட்டாதே.

எங்கள் அண்ணன் இளவழகனுக்கு இரண்டு வருடம் தடை போட்டுவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்திருப்பாய். வயதை மாற்றிக் காட்டி ஆடினானாம். அதற்கு ஆதாரமாக ஒரு போட்டோ சுற்றியது. அதை வெளியே விட்டது அவன் சிநேகிதன் சத்யா என்று ஊரே சொல்கிறது. காலையில் பத்து மணிக்கு சத்யாவை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தப்போகிறார்கள்.

விட்டது சத்யா இல்லை. நான்.

எளாவூரில் செக்போஸ்ட்டுக்குப் பின்னால் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண் நீ. ஏரிக்கரை வழக்கம் உனக்குத் தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

அண்ணன் இந்தியாவுக்கு ஆடியது நான்கே மேட்ச். ஏழு விக்கெட். மூன்றாவது மேட்ச்சில் ஒரு பந்து நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர் வேகம் என்று திரையில் போட்டார்கள். அன்று எங்கள் வீட்டு டிவி முன்னால் முப்பது பேர். வர்ணனைக்காரர் அவன் பெயரைச் சொல்ல முடியாமல் இலவலகன், இலவலகன் என்றார். நைனா கோபித்துக்கொண்டார். "பேர ஒயுங்கா சொல்ல வரல, இவனுக்கு மைக்கு ஒரு கேடு." எல்லோரும் சிரித்தோம். அதுதான் எங்கள் வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு என்று நினைக்கிறேன்.

அவன் பந்து போடக் கற்றது லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில். தண்ணீர் இறங்கிய பிறகு கொஞ்ச நேரத்துக்கு மணல் தார் ரோடு மாதிரி இறுகிக் கிடக்கும். அது காய்ந்து உதிர்வதற்குள் எத்தனை ஓவர் முடியுமோ அத்தனையும் போடுவான். எதிரே கீப்பர் சத்யா. ஒன்றாம் வகுப்பிலிருந்து அண்ணனோடு ஒரே பெஞ்சு. கிளவுஸ் வாங்க வழியில்லாமல் இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பான். அண்ணன் பந்து பட்டு அவன் இடது சுண்டுவிரல் வளைந்தது, இன்றைக்கும் நிமிரவில்லை.

அண்ணனுக்கு ரசிகர் பக்கம் ஆரம்பித்ததும் சத்யாதான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. நான் எழுதிக் கொடுப்பேன். பிறகு, நீயே போட்டுவிடு என்று பாஸ்வேர்டையும் கொடுத்தான். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். உனக்குக்கூட நான் சொன்னதில்லை. ஒரு பையனுடைய பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது என்று நைனாவுக்குத் தெரிந்தாலே போதும், மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை எழுத மாட்டேன்.

நான்கு மேட்ச் முடித்து அண்ணன் ஊருக்கு வந்தபோது பத்திரிகையிலிருந்து ஆள் வந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளை, தோளில் வலையைப் போட்டுக்கொண்டு ஏரியில் நில்லுங்கள் என்றார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் வலையைத் தொட்டதில்லை. தோள் பிடித்துக்கொள்ளும் என்று நைனா விடமாட்டார். யாருடைய வலையையோ வாங்கி மாட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றான். படம் வந்ததும் ஆரம்பித்தார்கள். ஈயக் குண்டு தோள்மேல் இருக்கிறது, மிதவை கீழே தொங்குகிறது, வலையைத் தலைகீழாகப் பிடிக்கிறவன் எப்படி மீனவன், எல்லாம் வேஷம் என்று நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

எங்கள் ஏரியில் இறாலுக்கு நினைத்தவன் வலை கட்ட முடியாது, பெனிட்டா. எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். ஊர் நோட்டில் பெயர் இருக்கிற ஆம்பிளைக்குத்தான் பாடு வரும். பதினெட்டு முடிந்தால்தான் பெயர் ஏறும். இந்த வருடம் நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பது எங்கள் வீட்டு முறை. டிவிக்குக் கீழே டிரங்குப் பெட்டியில் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். 2018 பக்கத்தில் நைனா கையெழுத்திலேயே இருந்தது: திருவேங்கடம் மகன் இளவழகன், வயது 18.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? டிவி மேல் வைத்து போட்டோ எடுத்தேன். 'எங்கள் அண்ணன் பாடு உள்ள மீனவன்' என்று எழுதி சத்யாவின் ரசிகர் பக்கத்தில் போட்டுவிட்டேன். பெயரைத்தான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த வயதைப் பார்க்கவே இல்லை.

வேறு யாரோ பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருவன் எழுதினான்: 2018இல் பதினெட்டு என்றால் இன்றைக்கு இருபத்தைந்து, கிரிக்கெட்டில் மட்டும் எப்படி இருபத்திரண்டு? பத்து நிமிடத்தில் அழித்துவிட்டேன். அதற்குள் அது டெல்லி வரை போய்விட்டது.

அண்ணனுக்கு நிஜமாகவே இருபத்திரண்டுதான். பொய் எழுதியது நைனா, கிரிக்கெட்டில் இல்லை, பாடு எழுதும் ஊர் நோட்டில். அண்ணனுக்குப் பதினைந்து வயதில் பதினெட்டு என்று எழுதினார். வீட்டில் இரண்டாவது பெயர் ஏறினால் இரண்டாவது முறை வரும். அந்த முறைக்கு ஆள் வைத்து இறக்கினார். அதில் வந்த இறாலில்தான் ஸ்பைக் ஷூ வந்தது. சென்னை கேம்ப்புக்கு அவன் போனதும் அதில்தான்.

பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதே என்பாய். முதல் சான்றிதழ் சுனாமியில் வீட்டோடு போனது. அடுத்த வருடம் எழுதிக் கொடுத்து வாங்கியதுதான் இப்போது இருப்பது. பள்ளிக்கூடத்திலும் அதைப் பார்த்துத்தான் வயது எழுதினார்கள். அதை நம்ப மாட்டோம் என்றது கிரிக்கெட் சங்கம். ஊர் நோட்டை யாரும் கிரிக்கெட்டுக்காக எழுதியிருக்க மாட்டார்கள், அதைத்தான் நம்புவோம் என்றது. விசாரிக்க ஓர் அதிகாரி ஊருக்கே வருவதாகச் சொன்னார்கள்.

அவர் வருவதற்கு முந்தின நாள் அண்ணன் நைனா எதிரே உட்கார்ந்தான். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா, நோட்டுல எழுதனது பொய்னு நாளைக்கு அந்த சார்கிட்ட சொல்லு. அவ்ளோதான். வேற ஒண்ணும் வேணாம்."

"சொன்னா நம்ம பேரு பூடும்."

"பூட்டா பூது. நான் சம்பாரிக்க மாட்டனா?"

"ஒனக்கு முதுகு புடிச்சிக்கினா? பந்து போட்ற பசங்க எத்தினி பேரு முதுகு ஒடிஞ்சி ஊட்ல குந்திகினு கீறானுங்க. நீதான சொன்ன?"

அம்மா குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் தருமன் பெரியப்பா உள்ளே வந்தார். ஊர்த் தலைவர். அண்ணன் முதல் விக்கெட் எடுத்த அன்று ரோடு நீளத்துக்குச் சரவெடி விரித்துக் கொளுத்தியவர். அண்ணனை எல்லோரும் கூப்பிடுவது அழகு என்றுதான்.

"அயகு, நான் சுத்தி வளைக்கல. அந்த வருசம் மட்டும் பதினோரு பசங்களுக்கு வயச ஏத்தி எய்தனோம். என் புள்ளயும் அதுல ஒருத்தன். ஒங்க நைனா ஒரு பேர பொய்னு சொன்னா, ஏரிய நம்மளோட பங்கு வச்சிகினு கீற மத்த ஊருக்காரன் சொம்மா இருப்பானா? மத்த பத்து பேரயும் நோண்டுவான். பொய்யா ஏத்தன பேர நோட்டுலேந்து குடும்பத்தோட அடிச்சிடுவாங்க. பேரன் காலத்துலயும் திரும்ப ஏறாது."

"எனக்கு ரெண்டு வருசம் தட போடுவாங்க, பெரிப்பா."

"ரெண்டு வருசம்தான? ஏரி வத்தி ரொம்பற மாதிரி. அப்பால நீ போய் ஆடு."

"வேகமா போட்றவனுக்கு ரெண்டு வருசம்னா இன்னானு தெரியுமா ஒங்களுக்கு? இப்ப வர்ற ஸ்பீடு அப்ப வராது. என் எடத்துக்கு இப்பவே நாலு பேரு நிக்கறானுங்க."

நைனா கையைக் கழுவிவிட்டு வந்தார். அண்ணனைப் பார்க்காமல் பெரியப்பாவைப் பார்த்து, "அயகு தாங்குவான்" என்றார்.

மறுநாள் அதிகாரி வந்தார். தண்ணீர்ப் பாட்டிலைக்கூட அவரே கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"இதுல இருக்கற வயசு சரிதானா?"

சுற்றிலும் ஊர் ஆம்பிளைகள் நின்றார்கள். அண்ணன் வாசற்படியில் நின்று நைனாவையே பார்த்தான். பேட்ஸ்மேனைப் பார்க்கிற மாதிரி இமைக்காமல் பார்த்தான்.

"எய்தனது எய்தனதுதான் சார்" என்றார் நைனா.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அப்போதுதான் சத்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "சார், நானும் இவனும் ஒரே கிளாசு. எனக்கு இருவத்திரண்டு. இந்த நோட்டுல இவன் ஒருத்தனுக்கு மட்டும் இல்ல, இன்னும் பத்து பேருக்கு வயசு பொய்."

"இவனுக்குப் பாடே கெடயாது சார்" என்றார் பெரியப்பா. "அப்பன் கடல் பக்கத்து ஆளு. அம்மா ஊருல ஒண்டிகினு கீறான். அந்தக் கடுப்புல பேசறான்."

அதிகாரி சத்யாவிடம் எழுத்து ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சத்யா தன் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டு நின்றான். அவனிடம் என்ன இருக்கும்?

வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது. இரண்டு வருடம். பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களுக்கான போட்டிகளில் அவன் எடுத்த விக்கெட் எல்லாம் செல்லாது. கூடவே ஐபிஎல் அணியிலிருந்தும் விலக்கிவிட்டதாக ஒரு மெயில். நன்றி என்று முடித்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே படகுத் துறையில் பேச்சு மாறியது. நைனா சொன்னதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. போட்டோவை எவன் விட்டான் என்பதுதான் கேள்வி. "மொதல்ல போட்டோவ போட்டுட்டு அப்பால நல்லவன் வேசம் கட்னான்" என்றார் பெரியப்பா. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அண்ணன், "சத்யா பேஜ்லதான் வந்துச்சி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அது போதுமாக இருந்தது.

ஊர் தள்ளிவைத்தால் சத்யாவின் அம்மா எங்கள் துறையில் இறால் எடுத்து விற்க முடியாது. அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

இன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பின்பக்கம் போனேன். அண்ணன் தண்ணீர் டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் பந்து. இரண்டு விரலைத் தையலின் மேல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். போட்டோவைப் போட்டது நான் என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றான்.

"எப்ப?"

"அன்னிக்கே. போட்டோ மூலையில அம்மா பின்னன டிவி துணி தெரிஞ்சிது."

"அப்ப இன்னாத்துக்குண்ணா சத்யா பேர சொன்ன?"

"ஒன் பேர சொல்லட்டா? அவன் பாஸ்வேர்டு ஒனக்கு எப்டி கெடச்சிதுனு நைனா கேப்பாரு. இன்னா சொல்வ?"

"அவன் ஒனக்கோசரம் பேசனான்ணா. அத்தினி பேரு எதிர்க்க."

"பேசி இன்னா ஆச்சி?" பந்தை மண்ணில் அழுத்தினான். "அவன் தாங்குவான்."

நைனா சொன்ன அதே மாதிரி சொன்னான், பெனிட்டா. அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்தபடி கேட்டான். "திங்கக்கெயம நம்ம பாடு. நான் ஊருல இருந்தா நானேதான் எறங்கணுமாம். வலையில குண்டு எந்தப் பக்கம் வரும்?"

"கீய."

"கீய" என்று அவனும் ஒரு முறை சொல்லிக்கொண்டான். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். இன்னும் தூங்கவில்லை. இங்கிருந்து கேட்கிறது, பந்தை உருட்டுகிறான்.

சத்யாவிடமிருந்து பதினொரு மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'பேஜ டெலீட் பண்ணிட்டேன். நீ எதுவும் பேசாத.' அவ்வளவுதான். அவனுக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். அவன் போடாததை வேறு யார் போட்டிருக்க முடியும்?

கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது. கோயில் மதில் ஓரமாக நிற்கலாம். அங்கே அம்மாவோடு நான் நிற்பேன். தைரியம் வந்தால் அங்கிருந்தே கத்தலாம். யார் என்னைத் தடுக்க முடியும்? அடிப்பார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்கள். எவனுக்காவது கட்டிவைப்பார்கள். நான் நர்சிங் சேர்ந்ததும் எனக்குத் தருவதற்கு எடுத்து வைத்திருக்கிறாயே, அந்த வெள்ளைக் கோட்டு, அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

காலையில் பேசப்போகிறேன் என்று உனக்குச் சொல்லத்தான் இதைத் தட்ட ஆரம்பித்தேன். சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது என்று நினைத்தேன். மணி மூன்றாகப்போகிறது. இவ்வளவும் தட்டிவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அழித்துவிட்டேன்.