எந்தக் கரைத் தோணி

ஜில்லா போர்டைக் கலைத்து, அதன் அதிகாரங்களைப் பஞ்சாயத்து யூனியன்களுக்குப் பிரித்துக் கொடுத்த வருஷம் ஆலந்திட்டுக் குப்பத்தில் மேளம் வைத்துக் கொண்டாடியவர் தாண்டவராயன். குப்பத்தின் பஞ்சாயத்துத் தலைவர் அவர்தான். இனி ஓர் ஓட்டையை அடைக்கக்கூடக் கடலூருக்கு ஓட வேண்டியதில்லை, அதிகாரம் நம் வாசலுக்கே வந்துவிட்டது என்று மைக்கில் முழங்கினார். பேச்சுக்குச் சொன்ன ஓட்டை அது. ஆடி முடிவதற்குள் நிஜமான ஓட்டையே வந்து சேர்ந்தது.

குப்பத்துக்கும் கிள்ளைக்கும் நடுவே உப்பங்கழி கிடந்தது. அதைக் கடக்க ஜில்லா போர்டு விட்டிருந்த தோணியின் அடிப்பலகை உளுத்துப்போயிற்று. தோணிக்காரன் பக்கிரி மூங்கிலை ஊன்ற, ஏறியவர்கள் தகர டப்பாவால் நீரை இறைத்துக்கொண்டே போனார்கள். தாண்டவராயனின் மகள் அமராவதிக்கு ஐப்பசியில் பிரசவம். முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து தங்காமல் போனது. அடுத்ததைச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அடைமழையில் நிறைமாதக்காரியைக் கட்டுமரத்தில் உட்கார வைக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? குப்பத்தாருக்குப் பலகை மாற்றத் தெரியாமல் இல்லை. சர்க்கார் தோணியில் ஆணி அடித்தால் கேஸ் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கழியின் மேல்கரையான கிள்ளைப் பக்கம் ஒரு யூனியன். கீழ்க்கரையான குப்பத்துப் பக்கம் வேறொரு யூனியன். தோணி எந்தக் கரையில் கிடக்கிறதோ அந்த யூனியனே பழுது பார்க்கும் என்று இரண்டு இடத்திலும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வந்தது வினை. கடைசி ஆளைத் தோணிக்காரன் எந்தக் கரையில் இறக்குகிறானோ அங்கேயே தோணியைக் கட்டுவது துறையின் பழக்கம். இறங்கியவர் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்தால் தோணி இருக்க வேண்டுமாம். மேல்கரை அதிகாரி நடனசபாபதி பார்வையிட வந்த காலையில் அது கீழ்க்கரையில் கிடந்தது. கீழ்க்கரைக்காரர் வந்தபோது மேல்கரையில் கிடந்தது. இருவரும் எதிர்க்கரையைக் கை காட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா என்று தாண்டவராயன் பக்கிரியிடம் எரிந்து விழுந்தார். கடைசியாக இறங்கியது விருத்தாம்பாள் என்றும், வெற்றிலைப் பையை மறக்காமல் அவள் ஒருநாளும் இறங்கியதில்லை என்றும் அவன் பதில் சொன்னான்.

சிதம்பரத்துக்கும் கிள்ளைக்குமாக அலைந்து செருப்புத் தேய்ந்தபின், வேறு வழியின்றி அவர் கடலூருக்கே ரயிலேறினார். அங்கிருந்த பெரிய அதிகாரி காப்பி வரவழைத்துக் கொடுத்து, வெகு மரியாதையாகச் சிரித்தார்.

"அதிகாரத்தையெல்லாம் உங்க கையிலயே குடுத்துட்டோமே. இனிமே எங்களக் கேட்டா எப்படி?"

தாண்டவராயன் தம் இரு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஒரு கையில் குடை இருந்தது. மற்றது காலியாக இருந்தது.

அன்று மாலை துறையில் இறங்கியதும் பக்கிரியைத் தனியே அழைத்தார்.

"இன்னிக்குக் கயித்து முடிச்ச கொஞ்சம் லூசாப் போடு."

"லூசாப் போட்டா போயிடும் மாமா."

"போவட்டும். தண்ணி ஏத்தத்துல திரும்பி வரும்."

"கடலுக்குப் போயிட்டா?"

"அப்ப அது கடல் யூனியனு. அவுங்க வந்து பலகை போடட்டும்."

கழியில் அறுந்து மிதந்து வருவது, அதைக் கரையேற்றியவர்களுக்கே சொந்தம் என்பது குப்பத்து வழக்கம். விடிந்ததும், கடல்நீர் கழிக்குள் ஏறும் ஏற்றத்தில் தோணி தள்ளாடி வந்தது. ஊரே கூடி அதை மணலுக்கு இழுத்தது. இப்போது அது சர்க்கார் தோணி அல்லவே. புதுப் பலகை ஏறியது. குங்கிலியமும் எண்ணெயும் பூசப்பட்டன. ஐப்பசியின் முதல் மழையில் தோணி சொட்டு நீர் கசியாமல் நின்றது.

ஓட்டைத் தோணிக்கு யாருமில்லை. நல்ல தோணிக்கோ இரண்டு சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். துறையைக் குத்தகைக்கு விடலாம் அல்லவா? அமராவதிக்கு வலி கண்ட காலையில், மேல்கரையில் நடனசபாபதி யூனியன் பெயரை எழுதப் பெயிண்ட் டப்பாவுடன் நின்றார். கீழ்க்கரை அதிகாரியோ கட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குத்தகை ஏலம் முடியாமல் தோணி நகரக் கூடாது என்றார். தாண்டவராயனுக்கு வாயில் வந்ததெல்லாம் சபையில் சொல்லத் தகாதவை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அமராவதிதான் பேசினாள்.

"அவரையும் ஏறச் சொல்லுப்பா. கயித்தப் புடிச்சிக்கிட்டே வரட்டும்."

அவர் ஏறினார். மேல்கரையில் இரு அதிகாரிகளும் ஒருவரையொருவர் சட்டப் பிரிவு சொல்லித் தாக்கிக்கொண்டிருக்க, அமராவதியை ஏற்றிய வண்டி ஸ்டேஷனை நோக்கி ஓடியது. பொழுது சாய்வதற்குள் சிதம்பரத்தில் பெண் குழந்தை பிறந்து, உரக்க அழுதது.

சேதி சொல்ல மறுநாள், சிதம்பரத்துக்குத் துணையாக வந்திருந்த பக்கிரியுடன் மேல்கரைத் துறைக்கு வந்த தாண்டவராயன் அப்படியே நின்றுவிட்டார். நடுக்கழியில் தோணி மிதந்தது. இரண்டு கரைகளிலிருந்தும் இரண்டு யூனியன்கள் வடம் கட்டி முத்திரை வைத்திருந்தன. தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக் கூடாதாம். அக்கரையில் அவர் மனைவி கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி பிறந்த சேதியை இங்கிருந்து கத்தினால் பாதியைக் காற்றுத் தின்றுவிடும்.

பக்கிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினான்.

"எந்தக் கயிறு மாமா?"

"ரெண்டும்தான்," என்றார் தாண்டவராயன். "ஏத்தம் எப்பன்னு மட்டும் பாத்துக்க."