ஐந்து வருட வாரன்டி

கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பது என் தொழில். அதாவது கத்துவது. கத்திக் கத்தித்தான் தொண்டை கட்டியிருக்கிறது என்று மூன்று மாதமாக வெந்நீரைக் குடித்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் குரல்வளையில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. என்னிடம் படித்தவர்களில் சிலர், கடவுள் இருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டரம்மா என் மகள் வயதுக்காரி. இரண்டு வைத்தியங்களைச் சொன்னார், சில எண்களைச் சொன்னார், ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார். "அஞ்சு வருஷக் கணக்குல பாத்தா நூறு பேர்ல சுமார் அறுபது பேர்" என்று அவர் தொடங்கியதுமே என் கணவரின் காது மூடிக்கொண்டது. அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஐந்து வருடம் என்றால் அவருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அது எனக்கு அப்போது தெரியாது.

அன்றிலிருந்து மனிதர் தங்கமாகிவிட்டார். கட்டில் மேல் கிடக்கும் ஈரத்துண்டு தானாகக் கொடிக்குப் போனது. உப்புப் போடாத சாப்பாட்டைப் பிரமாதம் என்று சாப்பிட்டார். கூடத்துக்கு நீலப் பெயின்ட் அடிக்கலாம் என்று பல வருடமாகக் கரடியாய்க் கத்தியும் மசியாதவர், "நீலமே அடிச்சிடலாம், உனக்குப் புடிச்ச நீலமா பாத்துச் சொல்லு" என்றார்.

"உண்மையச் சொல்லுங்க. டாக்டர் உங்ககிட்ட தனியா ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு நீலம்?"

அவர் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இருக்கப்போறது அஞ்சு வருஷம். அதுவரைக்கும் உன் இஷ்டப்படி இருக்கட்டும்னுதான்."

"யாரு சொன்னா அஞ்சு வருஷம்னு?"

"அவங்கதானே சொன்னாங்க. கம்ப்ரஸருக்கும் அஞ்சு வருஷந்தான் வாரன்டி. ஆறாவது வருஷம் புட்டுக்கும். எத்தனை வீட்ல பாத்திருக்கேன்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆபரேஷனே பண்ணிக்கோ. பழுதான பாகத்தக் கழட்டிட்டா மிச்சம் ஓடும். குரல் போனாப் போகட்டும். நீ இருந்தாப் போதும்."

கட்டிய மனைவிக்குக் கம்ப்ரஸர் வாரன்டி போட்ட ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். வழக்கமாக இதற்கு ஒரு மணி நேரம் திட்டியிருப்பேன். திட்ட வரவில்லை. அந்த ஐந்து வருடத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் சரியாகத் தெரியாது. குரல் போனால் போகட்டும் என்று அவர் சொன்னதும் வலித்தது.

அடுத்த முறை போனபோது அவருடைய வாரன்டியை அப்படியே டாக்டரம்மாவிடம் போட்டுக் கொடுத்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அஞ்சு வருஷம்ங்கறது நாங்க நின்னு எண்ணிப் பாக்கற இடம், சார். அவங்க வாழ்க்கை அங்க நிக்கறதில்ல. அந்த அறுபது பேர்ல நிறைய பேர் அதுக்கப்புறமும் பல வருஷம் இருப்பாங்க. முதல் ரெண்டு மூணு வருஷந்தான் ரொம்பக் கவனமா பாக்கணும். அது தாண்டினா இந்த நோய் திரும்பி வர்ற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும்."

"அப்ப, ஆறாவது வருஷம்?"

"வரும் சார்."

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது என் முறை. "அந்த மத்த நாப்பது பேரு என்ன தப்புப் பண்ணாங்க?" என்று கேட்டேன். லைசென்ஸ் டெஸ்டில் தோற்பவன் காரணம் இல்லாமல் தோற்பதில்லை. ஒன்று பக்கக் கண்ணாடியைப் பார்த்திருக்க மாட்டான், அல்லது என் பேச்சைக் கேட்டிருக்க மாட்டான்.

"ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா. எல்லாம் ஒழுங்கா செஞ்சவங்களும் அதுல இருக்காங்க. நீங்க எந்தப் பக்கம்னு என்னால சொல்ல முடியாது. அது நூறு பேரோட கணக்கு, உங்க ஒருத்தரோடது இல்ல."

ஒரு வாரமாக நான் என்னை எப்படித் தேற்றிக்கொண்டிருந்தேன் என்பது அந்த நாற்காலியில்தான் எனக்கே விளங்கியது. நல்ல மாணவியாக இருந்தால் தேறிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

டாக்டரம்மா இரண்டு வைத்தியங்களையும் மறுபடி பொறுமையாக விளக்கினார். ரேடியேஷனும் கீமோவும் என்றால் குரல் இருக்கும், ஆனால் கரகரக்கலாம். விழுங்குவது பெரும்பாடாக இருக்கும். நோய் திரும்பினால் அப்புறம் ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம். முதலிலேயே ஆபரேஷன் என்றால் கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு, பேசுவதற்கு வேறு வழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். "உங்க கட்டி இருக்கற அளவுக்கு, பிழைக்கறவங்க எண்ணிக்கை ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். எதோட வாழ முடியும்னு நீங்கதான் சொல்லணும்."

பயத்தில் என் வாய் முந்திக்கொண்டது. "இவருக்கு ஆபரேஷன்தான் இஷ்டம், டாக்டர். எடுத்துடுங்க."

"வேணாம்," என்றார் என் கணவர்.

அந்த வாரம் முழுவதும் அவர் என்னை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. அந்த அறையிலேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாமச் சொல்லிட்டேன். இவ சத்தம் இல்லாத வீட்ல எனக்கு இருக்கத் தெரியாதுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா அது உன் தொண்டை. நீ சொல்லு."

"குரல் இருக்கட்டும்," என்றேன். நான் முதல் நாளிலிருந்து விரும்பியது அதுதான்.

"ஏழு வாரம் வரணும். போகப் போக ரொம்ப சோர்வாயிடும், உங்களால கார் ஓட்டிட்டு வர முடியாது. யாரு கூட்டிட்டு வருவா?"

"நான்தான்," என்றார், நான்கு சக்கரத்தைக் கண்டாலே பேயறைந்தது போல் நிற்கிற என் கணவர்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த காலித் தெருவில் அன்றைக்கே பாடம் ஆரம்பமானது. ஸ்டீயரிங்கை அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு முறை வண்டி குலுங்கி நின்றது. கரகரத்த குரலில் என்னால் முடிந்தவரை கத்தினேன். அடுத்த முறை ஒரு வழியாக நகர்ந்தது.

"நீ அந்த அறுபதுல இருப்பியா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. ரோட்டப் பாருங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிக் கொடுப்பவள் செய்யவே கூடாத காரியம் அது.